கம்பு வாத்தியார் பரம்பரைய தேடப் போன கதை, செலவு, தலைவலி எல்லாம் சேர்த்து

உங்க வீட்டுல தாத்தாவோ பாட்டனோ சிலம்பம் சொல்லிக் குடுத்தவங்களா இருந்து, அவருக்கு யாரு சொல்லிக் குடுத்தா, அவருக்கும் மேல யாருன்னு தேடிப் பாக்கலாம்னு ஆசை வந்துச்சுன்னா, கிளம்புறதுக்கு முன்னாடி இத ஒரு தடவ படிச்சிருங்க. நான் கிளம்புனப்ப சொல்றதுக்கு ஆளில்ல. வீட்டுல எல்லாரும் "நல்ல காரியம்மா, பண்ணு பண்ணு"ன்னாங்க, கூட வர்றேன்னு ஒருத்தரும் சொல்லல. எட்டாயிரம் வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்டுக்கு) மேல போச்சு, வருஷம் ஒன்னுக்கு மேல போச்சு, சொந்தக்காரங்க ரெண்டு பேரு இன்னமும் என்கிட்ட முகம் குடுத்துப் பேசுறதில்ல.

எதுக்கு ஆரம்பிச்சேன்னா, என் தம்பி கோலாலம்பூர்ல செந்தூல் பக்கம் ஒரு தமிழ்ப்பள்ளி திடல்ல சாயங்காலத்துல சிலம்ப வகுப்பு நடத்துறான். பெரிய வகுப்பெல்லாம் இல்ல, பிள்ளைங்ககிட்ட மாசக் காசு வாங்குறதுக்கே கூச்சப்படுற ஆளு. ஒரு போட்டியில வச்சு இன்னொரு வகுப்ப சேர்ந்த பெரியவரு ஒருத்தரு, அவன் பிள்ளைங்க அவ்வளவு பேரும் நிக்கும்போதே, "உங்க தாத்தா எங்க ஆசான்கிட்ட பாதி கத்துக்கிட்டு ஓடுன ஆளு, நீ எந்தப் பரம்பரைன்னு முதல்ல காட்டு, அப்புறம் சொல்லிக் குடு"ன்னு கேட்டுட்டாரு. அன்னைக்கு ராத்திரி அவன் சோறு திங்கல. நான் மூத்தவ, கணக்கு வழக்கு பாக்குற வேலையில இருக்கேன், ரசீது தேடுறது பில்லு தேடுறது தான் எனக்குப் பொழப்பு, தாத்தாவோட வாத்தியார தேடிப் பிடிக்கிறதுக்கு எவ்வளவு நேரம் ஆயிடப் போகுதுன்னு கிளம்பிட்டேன்.

தாத்தாவ பத்தி வீட்டுல தெரிஞ்சது இவ்வளவு தான். 1921ல தமிழ்நாட்டுல பொறந்தவரு, 1937ல பதினாறு வயசுல கப்பலேறி வந்தாரு. அதுக்கு அடுத்த வருஷம் 1938ல இந்திய அரசாங்கம் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புறதயே நிறுத்திருச்சு, அதனால அவரு வந்தது கடைசிக் கூட்டத்தோடன்னு சொல்லலாம். பட்டர்வொர்த்துக்குத் தெக்க நிபோங் திபால் பக்கத்துல ஒரு ரப்பர் தோட்டத்துல இருந்தாரு. ஜப்பான்காரன் போனதுக்கப்புறம் தீவுக்கு வந்து பினாங்கு துறைமுகத்துல மூட்ட தூக்குனாரு. சாயங்காலம் ஆனா கோயிலுக்குப் பின்னால லாம்பு கட்டி பசங்களுக்கு கம்பு சொல்லிக் குடுப்பாரு. தைப்பூசத்துக்கு தண்ணிமலை முருகன் கோயிலுக்குப் போற வழியில அவரோட பசங்க ஆடுவாங்களாம். 1994ல தவறிட்டாரு, எனக்கு அப்ப விவரம் தெரியாத வயசு. கருமாதி முடிஞ்ச கையோட அவரோட துணிமணி, நோட்டுப் புத்தகம் எல்லாத்தையும் எரிச்சிட்டாங்க. வழக்கம் அது, யாரையும் குத்தம் சொல்ல முடியாது. ஆனா அந்த நோட்டுல அவரு காலடி, அதாவது ஆட்டத்துல கால் வைக்கிற முறை எல்லாம் வரைஞ்சு வச்சிருந்தாருன்னு பின்னாடி ஒருத்தரு சொன்னப்ப எனக்கு வயித்துல கல்லு விழுந்த மாதிரி ஆயிடுச்சு.

மிஞ்சுனது அவரோட கம்பு ஒன்னு. அது எங்க இருந்துச்சு தெரியுமா, பினாங்கு ரைபிள் ரேஞ்ச் பிளாட்டுல எங்க அத்தை வீட்டு சன்னலுக்கு வெளிய, துணி காயப் போடுற கம்பா. இருபது வருஷத்துக்கு மேல அதுல தான் போர்வையும் லுங்கியும் தொங்கியிருக்கு. செமாம்புங்கற வகைப் பிரம்பு, ஆள் நின்னா நெத்தி வரைக்கும் வர்ற உசரம், ரெண்டு பக்கமும் பித்தளப் பூண், ஒரு பக்கத்துப் பூண் மட்டும் தேஞ்சு விளிம்பு கத்தி மாதிரி ஆயிருச்சு. நடுவுல ரெண்டு எடத்துல கை பிடிச்சு பிடிச்சு எண்ணெ ஊறி கருத்துப் போயிருந்துச்சு, வெயில் மழைக்குக் கூட அந்தக் கருப்பு போகல. அத்தை சாதாரணமா "வேணும்னா எடுத்துட்டுப் போ, எனக்கு ஒரு அலுமினியக் கம்பு வாங்கிக் குடுத்துரு"ன்னாங்க. இருபத்தஞ்சு வெள்ளிக்கு வாங்கிக் குடுத்தேன். இந்த மொத்தக் கதையில நான் செஞ்சதுலயே லாபமான செலவு அது ஒன்னு தான்.

முதல்ல தாள்ல இருந்து ஆரம்பிச்சேன். இறப்புப் பத்திரம், பழைய ஐசியோட (அடையாள அட்டையோட) போட்டோஸ்டாட் ஒன்னு, அத்தையோட பொறப்புப் பத்திரம். மூணுலயும் தாத்தா பேரு மூணு விதமா இருக்கு. இங்கிலீஷ்ல எழுதுனவங்க அவங்கவங்க காதுல விழுந்தத எழுதியிருக்காங்க, ஒன்னுல கடைசி எழுத்து ஐ, ஒன்னுல ஒய், ஒன்னுல ஒரு எச் கூடுதலா. அவங்க அப்பா பேரு ஒரு பத்திரத்துல பாதி தான் இருக்கு. கவுண்டர்ல உக்காந்திருந்த பொண்ணு பாவம் பொறுமையா தேடிப் பாத்துட்டு, "காக் (அக்கா), பேரு வச்சு தேடுனா நூறு பேரு வருவாங்க, பழைய ஐசி நம்பர் இருக்கா"ன்னு கேட்டுச்சு. அங்க தான் எனக்கு உறைச்சது. மலாயாவுல ஐசி 1948ல அவசரகாலத்துல வந்தது, பழைய நம்பர் ஏழு எண்ணு, 1990க்கு அப்புறம் தான் இப்ப நாம வச்சிருக்கிற பன்னெண்டு எண்ணு வந்துச்சு. அந்த ஏழு எண்ண எழுதி வச்சுக்குங்க, மத்ததெல்லாம் பின்னாடி பாத்துக்கலாம். பேருக்கு நாலு எழுத்து மாறும், நம்பர் மாறாது. அதோட தாத்தா சிவப்பு ஐசியா நீல ஐசியாங்கறதயும் கேட்டு வைங்க, சிவப்புன்னா நிரந்தரவாசி, பிரஜை கிடையாது, அந்தக் காலத்து ஆளுங்க நெறைய பேரு ரொம்ப வருஷம் சிவப்புலயே இருந்தவங்க, குடியுரிமைக்கு மனு போட்டிருந்தா அந்தத் தாள்ல ஊர் பேரு இருக்க வாய்ப்பு உண்டு.

ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிம்ல இருக்கிற ஆர்கிப் நெகாராவுக்கும் (தேசிய ஆவணக் காப்பகத்துக்கும்) போனேன். போறதுக்கு முன்னாடி அவங்களோட ஆன்லைன் பட்டியல்ல தேடி கோப்பு நம்பர எழுதிக்கிட்டுப் போங்க, சும்மா போயி "தோட்டத்து ஆவணம் வேணும்"னு கேட்டா அங்க இருக்கிறவங்களுக்கும் கஷ்டம் நமக்கும் கஷ்டம். நான் பாத்த வரைக்கும் தொழிலாளர் இலாகா கோப்புல சம்பளம், அரிசி, வீடு, கள்ளுக்கடை பத்தியெல்லாம் கடிதம் கடிதமா இருக்கு, ஒரு தனி ஆளு பேரு கிடைக்கிறது குதிரைக்கொம்பு. ஆளுங்க பேரேடெல்லாம் தோட்டத்து ஆபீஸ்ல இருந்திருக்கும், தோட்டம் வித்துக் கைமாறி வீட்டு மனையா ஆனப்ப எங்க போச்சோ. சிங்கப்பூர் தேசிய நூலகம் பழைய பேப்பர்லாம் இணையத்துல போட்டிருக்காங்க, காசு கிடையாது, தமிழ் முரசும் அதுல இருக்கு. ஆனா தமிழ்ல சொல்லு போட்டு தேடுனா சரியா வராது, தேதி போட்டு பக்கம் பக்கமா தான் பாக்கணும். தைப்பூசம், பொங்கல், மாரியம்மன் திருவிழா ஒட்டுன தேதிகள பாருங்க, கம்பாட்டம் பத்தி செய்தி வந்தா அப்ப தான் வரும். எனக்கு தாத்தா பேரு எங்கயும் சிக்கல. கண்ணு தான் எரிஞ்சது. சம்பளமில்லா லீவுலயே ஆயிரத்தி ஐநூறு வெள்ளி போயிருக்கும்.

கப்பல் பத்தி ஒரு வார்த்த. எங்க வீட்டுல "ரஜூலா கப்பல்ல வந்தாரு"ன்னு அடிச்சு சொன்னாங்க. பினாங்குல எந்தத் தமிழ் வீட்டுல கேட்டாலும் ரஜூலா தான். அது 1926ல கட்டி எழுபதுகள் வரைக்கும் ஓடுன கப்பல், அதனால எல்லாருக்கும் அந்தப் பேரு தான் மனசுல நிக்குது. அதே 1926ல கட்டுன ரோனான்னு ஒரு ஜோடிக் கப்பலும் இருந்துச்சு, போர்ல மூழ்கிடுச்சு, அதுல வந்தவங்க பேரன் பேத்தியும் இன்னைக்கு ரஜூலான்னு தான் சொல்லிட்டு இருப்பாங்க. அதனால வீட்டுல சொன்னாங்கங்கறதுக்காக கப்பல் பேர உறுதியா எழுதிராதீங்க.

இந்த நேரத்துல தான் எங்க பெரியப்பா ஒரு ஆள கூட்டிட்டு வந்தாரு. ஆராய்ச்சியாளராம், குரு பரம்பரை எழுதிக் குடுக்கிறவராம், நாலாயிரம் வெள்ளி, முன்பணம் ரெண்டாயிரத்தி ஐநூறு. எனக்கு அந்த ஆளு பேச்சே பிடிக்கல, ஆனா குடும்பத்துல எல்லாரும் பங்கு போட்டுக் குடுக்கலாம்னு முடிவு பண்ணிட்டாங்க, என் பங்கு தான் பெரிய பங்கு. மூணு மாசம் கழிச்சு வழவழன்னு ஒரு புத்தகம் வந்துச்சு. முதல் பக்கத்துல அகத்தியரு. அப்புறம் பாண்டியர் படை. அப்புறம் மருது பாண்டியர் படையில ஒரு தளபதி, அவரு மகன், அந்த மகன்கிட்ட எங்க தாத்தா கத்துக்கிட்டாராம். நான் கணக்கு பாக்குறவ இல்லையா, விரல் விட்டு எண்ணுனேன். மருது சகோதரர்கள தூக்குல போட்டது 1801. தாத்தா கப்பலேறுனது 1937. நடுவுல 136 வருஷம், அத அப்பனும் மகனும் ரெண்டே பேரா சேர்ந்து ஓட்டியிருக்காங்க. தளபதியோட மகன் நூத்தி இருபது வயசுலயும் கம்பு சுத்துனாரு போல. தாத்தா பேரையும் தப்பா போட்டிருந்தாங்க. கொஞ்ச நாள் கழிச்சு இன்னொரு குடும்பத்துல அதே புத்தகத்த பாத்தேன், அதே அகத்தியர், அதே தளபதி, அதே மகன், கடைசிப் பேரு மட்டும் அவங்க தாத்தா பேரு. போன் பண்ணா எடுக்கல. மீதி ஆயிரத்தி ஐநூற குடுக்கக் கூடாதுன்னு நான் நின்னதுக்கு பெரியப்பாவுக்கு இன்னைக்கு வரைக்கும் கோவம், "நீ தான் தாத்தா பேர கெடுத்துட்ட"ன்னாரு.

சிலம்பம் பழசுங்கறதுல எனக்கு சந்தேகமே கிடையாது, ஆசானுங்க வாய்வழியா அகத்தியர்ல இருந்து தான் சொல்லுவாங்க, அது அவங்க பக்தி, அதுல கை வைக்க நான் யாரு. ஆனா காசு வாங்கிட்டு பரம்பரை எழுதித் தர்றேன்னு யாராவது வந்தா ஒவ்வொரு பேருக்கும் பக்கத்துல "இத யாரு சொன்னா, எங்க பாத்தீங்க"ன்னு எழுதித் தரச் சொல்லுங்க. தர முடியாதுன்னா அங்கயே டீ வாங்கிக் குடுத்து அனுப்பிருங்க. அப்புறம் ஒரு தலைமுறைக்கு முப்பது வருஷம்னு வச்சு எண்ணிப் பாருங்க, பாதிப் புத்தகம் அதுலயே படுத்துரும். உலக சாதனை, பரம்பரைச் சான்றிதழ்னு பிரேம் போட்டு விக்கிறவங்களும் இருக்காங்க. அத வச்சு ஒரு பிரயோசனமும் கிடையாது. தம்பி வகுப்ப கிளப்பா பதிவு பண்ணலாம்னு விளையாட்டு ஆணையர் ஆபீஸ்ல விசாரிச்சப்ப (1997 விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்துல வர்ற பதிவு அது) அவங்க கேட்டது சட்டதிட்டமும் செயலவை விவரமும் தான், மருது பாண்டியர பத்தி ஒரு கேள்வி வரல.

அடுத்தது ஊருக்குப் போனது. இறப்புப் பத்திரத்துல பொறந்த இடம் ராம்நாட்னு இருந்துச்சு, அத்தைக்கு கிராமத்து பேரு "புதூர்"னு ஞாபகம். திருச்சிக்கு டிக்கெட் போட்டு, அங்க இருந்து காடி (காரு) வாடகைக்குப் பிடிச்சு ராமநாதபுரம் போயிட்டேன். போனதுக்கப்புறம் தான் லாட்ஜ்காரரு சொல்றாரு, அந்தக் காலத்து ராம்நாட் வேற, இப்ப இருக்கிற ராமநாதபுரம் வேறன்னு. 1985ல அத மூணா பிரிச்சுட்டாங்க, ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர். புதூர்னா மாவட்டத்துக்கு நாலு இருக்கும். நல்ல வெயில்ல ஒவ்வொரு புதூரா போயி டீக்கடையில நின்னு "1937ல மலாயா போனவங்க குடும்பம் இங்க இருக்கா"ன்னு கேட்டேன். இல்லாத ஊரே கிடையாது, எல்லா ஊர்லயும் மலாயா போனவங்க இருக்காங்க, ஒரு ஊர்ல ஒரு அம்மா என் கையப் பிடிச்சுக்கிட்டு அவங்க பெரியப்பா போயி திரும்பவே இல்ல, நீ அவரு பேத்தியா இருப்பியோன்னு அழுதாங்க. நான் இல்லன்னு சொல்றதுக்குள்ள எனக்கே அழுகை வந்துருச்சு. டிக்கெட், காடி, லாட்ஜ், சாப்பாடு எல்லாம் சேர்த்து நாலாயிரத்தி முந்நூறு வெள்ளி. கையில கிடைச்சது ஒன்னும் இல்ல.

நீங்க போறதா இருந்தா தாலுகா பேரு தெரியாம கிளம்பாதீங்க. பழைய தாள்ல மாவட்டப் பேரு மட்டும் இருந்தா அது இன்னைக்கு எதெதுவா ஆயிருக்குன்னு முதல்ல பாருங்க. தஞ்சாவூர்னு இருந்தா அது நாகப்பட்டினமாவோ திருவாரூராவோ இருக்கலாம், தென்னார்க்காடுன்னு இருந்தா 1993ல அது கடலூர், விழுப்புரம்னு பிரிஞ்சது. அதோட, அவரு எந்த சாமிய குலசாமியா கும்பிட்டாரு, தைக்கும் ஆடிக்கும் என்ன படையல் போட்டாருன்னு வீட்டுப் பெரியவங்ககிட்ட கேளுங்க, குலசாமி பேரு தெரிஞ்சா ஊர சுருக்கிரலாம்னு அந்த டீக்கடையில ஒரு தாத்தா சொன்னாரு. எனக்கு அத சொல்ல வேண்டிய ஆளு பினாங்குலயே இருந்தாங்க, நான் அவங்கள கேக்காம ஊர் சுத்திட்டு இருந்தேன்.

ஊர்ல இருந்து திரும்பி வந்து கொஞ்ச நாள் நான் இந்தத் தாளெல்லாம் வச்சிருந்த பையவே தொறக்கல. அம்மா வேற "செத்தவர எதுக்குடி நோண்டுற, உன் வேலையப் பாரு"ன்னு. ஆபீஸ் முடிஞ்சு காடியில உக்காந்து எவ்வளவு போச்சுன்னு கூட்டிப் பாத்து கோவமா வரும், தம்பி மேல, அந்தப் பெரியவர் மேல, நோட்டெல்லாம் எரிச்சவங்க மேல.

தீபாவளிக்கு பினாங்கு போனப்ப ஆயர் ஈத்தாம்ல சின்னப்பாட்டியப் பாத்தேன், தாத்தாவோட தம்பி சம்சாரம். எண்பத்தெட்டு வயசு, காது கொஞ்சம் மந்தம், நெனைப்பு கல்லு மாதிரி. கம்பு பத்தி கேட்டா "அதெல்லாம் ஆம்பளைங்க விஷயம், எனக்கென்ன தெரியும்"னுட்டாங்க. சரின்னு விட்டுட்டு முறுக்கு தின்னுக்கிட்டே சும்மா, "தாத்தாவுக்கு என்ன பாட்டி பிடிக்கும், யாரு யாரு வீட்டுக்கு சாப்பிட வருவாங்க"ன்னு கேட்டேன். அப்ப வந்துச்சு பாருங்க. கல்யாணம் ஆகி வந்த புதுசுல, 1957, 58 இருக்கும், சாயங்காலம் கம்பு முடிஞ்சு வர்ற பசங்களுக்கு சின்னப்பாட்டி தான் சோறு வடிச்சிருக்காங்க. யாரு பெரிய பசங்க, யாரு பின்னாடி சேர்ந்தவங்க, யாரு துறைமுகத்துல இருந்து வருவா, யாரு அக்கரையில பிறைங்கற ஊர்ல இருந்து பெர்ரி பிடிச்சு வருவா, எல்லாம் சோத்துத் தட்டு வரிசையில ஞாபகம் வச்சிருக்காங்க. நான் ஆர்கிப்ல தேடுனது இந்த வரிசையத் தான்.

அப்புறம் அவங்களா சொன்னாங்க, "ஆடி அமாவாசைக்கு உங்க தாத்தா அவரு அப்பனுக்கு ஒரு இலை போடுவாரு, பக்கத்துல இன்னொரு இலை போடுவாரு. அது வாத்தியாருக்கு. அந்த இலையில மட்டும் கத்திரிக்காய் வைக்கக் கூடாது, நான் ஒரு தடவ தெரியாம வச்சுட்டேன், கண்ணாலயே எரிச்சுட்டாரு." எந்த வாத்தியாருன்னேன். "தோட்டத்து வாத்தியாரு, சயாமுக்குப் பிடிச்சுட்டுப் போனாங்களே, சுண்டுவிரல் இல்லாதவரு." எந்தக் கைன்னேன். இடது கைய தூக்கிக் காட்டுனாங்க. பால்மரம் வெட்டுற கத்தி பட்டு போயிருச்சாம், அப்படித்தான் தாத்தா சொல்லியிருக்காரு. பேரு தெரியுமான்னா தெரியாது, வாத்தியார பேரு சொல்லி யாரு கூப்பிடுவான்னு என்னையே திருப்பிக் கேட்டாங்க.

அதுக்கு முன்னாடி தாத்தாகிட்ட கத்துக்கிட்டவங்கள்ல உசுரோட இருக்கிற மூணு பேர நான் தனித்தனியா பாத்து போன்ல படம் பிடிச்சு வச்சிருந்தேன். ஒருத்தரு பட்டர்வொர்த், ஒருத்தரு ஜெலுத்தோங், ஒருத்தரு இங்க கோலாலம்பூர்ல மகன் வீட்டுல. எல்லாரும் எழுபது தாண்டுனவங்க. துளுக்காணம், குறவஞ்சி, நாகம் பதினாறுன்னு சிலம்ப வகைங்கள்ல எதெது தெரியும்னு கேட்டா ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு பேரு சொல்றாங்க, ஒருத்தரு நாகம்னு சொல்றத இன்னொருத்தரு வேற பேருல சொல்றாரு, பேச்ச வச்சு ஒன்னும் பிடிபடல. அதனால மூணு பேரையும் சலாம் வரிசை மட்டும் செஞ்சு காட்டச் சொன்னேன், ஆட்டத்துக்கு முன்னாடி குருவுக்கும் மண்ணுக்கும் வணக்கம் வைக்கிறது, அத தான் முதல்ல சொல்லிக் குடுப்பாங்க, கடைசியில மறக்கிறதும் அது தான். அன்னைக்கு ராத்திரி சின்னப்பாட்டி வீட்டு ஹால்ல படுத்துக்கிட்டு அந்த மூணு வீடியோவையும் மறுபடி போட்டுப் பாத்தேன்.

பட்டர்வொர்த் மாமா கம்ப பிடிக்கும்போது இடது கை சுண்டுவிரல் கம்புல படல. லேசா தூக்கியே இருக்கு. ஜெலுத்தோங்காரருக்கும் அப்படியே. கோலாலம்பூர்காரரு முட்டி வலியில உக்காந்தே செஞ்சு காட்டுனாரு, அவருக்கும் சுண்டுவிரல் தனியா நிக்குது. தம்பிக்கு ராத்திரி பன்னெண்டு மணிக்கு போன் போட்டு எழுப்பி, கம்ப பிடிச்சு போட்டோ எடுத்து அனுப்புடான்னேன். திட்டிக்கிட்டே அனுப்புனான். அவன் விரலும் அப்படித்தான் இருந்துச்சு. அவனுக்கு சொல்லிக் குடுத்தது எங்க அப்பா, அப்பாவுக்கு தாத்தா. ஏன்டா விரல தூக்குறன்னா, "அப்படித்தானே பிடிக்கணும்"ங்கறான்.

விரல் இல்லாத ஒரு மனுஷன் பிடிச்ச பிடிய, விரல் இருக்கிறவங்க எண்பது வருஷமா பிடிச்சுக்கிட்டு இருக்காங்க. நான் அன்னைக்குத் தூங்கல.

அதனால இத ரொம்ப அழுத்தி சொல்றேன், வயசான மாணவங்கள படம் பிடிக்கிறப்ப முகத்த பிடிக்காதீங்க, கையையும் பாதத்தையும் பிடிங்க. ஒருத்தர பாத்து இன்னொருத்தர் செய்யாத மாதிரி தனித்தனியா பிடிங்க. பாட்டு, மேளம் எதுவும் வேணாம், காலடி சத்தம் கேக்கணும். "உங்க ஆசான் பரம்பரை என்ன"ன்னு கேட்டா பெருமைக்கு ஏதாவது சொல்லுவாங்க, "முதல் நாள் என்ன செய்யச் சொன்னாரு, தப்பு பண்ணா எங்க அடிப்பாரு, தட்சணைக்கு என்ன வச்சீங்க"ன்னு கேளுங்க. வெத்தல பாக்கோட ஒரு வெள்ளி இருபத்தஞ்சு காசும் வச்சோம்னு மூணு பேருமே சொன்னாங்க. சொன்னத எழுதும்போது கண்ணால பாத்ததா, காதால கேட்டதான்னு பிரிச்சு எழுதுங்க. போட்டோவ ஆல்பத்துல இருந்து பிக்காதீங்க, பழசு கிழிஞ்சுரும், தானா கழண்டு வந்தா பின்பக்கத்தையும் படம் எடுங்க, ஸ்டூடியோ முத்திரை இருக்கும்.

அந்த வாத்தியாருக்கு மேல எங்களால போக முடியல, அதுக்கு காரணமும் தெளிவா தெரிஞ்சது. ஜப்பான்காரன் 1941 டிசம்பர் 11ல பினாங்குல குண்டு போட்டான், 19ம் தேதி தீவுக்குள்ள வந்துட்டான். அப்புறம் தாய்லாந்து (நம்ம ஆளுங்க சொல்ற சயாம்) பான் போங்ல இருந்து பர்மா தன்பியூசாயட் வரைக்கும் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போடுறதுக்கு தோட்டம் தோட்டமா தமிழாளுங்கள ஏத்திட்டுப் போனான். வேல முடிஞ்சது 1943 அக்டோபர்ல. காஞ்சனபுரி கல்லறையில ஏறக்குறைய 7,000 போர்க்கைதிங்களுக்கு வரிசையா கல்லு நட்டு பேரு வெட்டி வச்சிருக்காங்க, வெள்ளைக்காரங்களும் டச்சுக்காரங்களும். அதே பாதையில காலராவுலயும் பட்டினியிலயும் செத்த நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு அப்படி பேரு போட்டு ஒரு கல்லு கிடையாது. எங்க தாத்தாவோட வாத்தியாரு அந்தக் கூட்டத்துல ஒருத்தரு. அவரு பேரு எந்தத் தாள்லயும் இருக்கப் போறதில்ல, அத தேடி நான் கவுண்டர் கவுண்டரா நின்னிருக்கேன்.

இன்னொன்னும் தெரிய வந்துச்சு, அது வீட்டுல பாதி பேருக்குப் பிடிக்கல. தாத்தா காலடியில தாழ்ந்து உக்காந்து பின்னங்கால மாத்துற ஒரு எடம் இருக்கு. அது அவரோட துறைமுகத்துல மூட்ட தூக்குன ஒரு மலாய்க்காரக் கூட்டாளி காட்டிக் குடுத்த சிலாட் (மலாய்க்காரங்க தற்காப்புக் கலை) காலடின்னு ஜெலுத்தோங் மாமா சர்வ சாதாரணமா சொல்றாரு. செமாம்பு பிரம்பு வாங்கிக் குடுத்ததும் அந்தக் கூட்டாளி தானாம். இத எழுத வேணாம், சுத்தமான பரம்பரை இல்லன்னு சொல்லிருவாங்கன்னு பெரியப்பா பக்கத்துல ஒரே சத்தம். நான் எழுதிட்டேன். ஒரே துறைமுகத்துல மூட்ட தூக்குன ரெண்டு பேரு சாயங்காலம் ஒருத்தருக்கு ஒருத்தரு சொல்லிக் குடுத்ததுல என்ன கேவலம் இருக்கு?

தம்பிய கேள்வி கேட்ட அந்தப் பெரியவர் வீட்டுக்கும் ஒரு நாள் பழம் வாங்கிட்டுப் போனேன். சண்டைக்குப் போகல, அவங்க ஆசானோட பழைய கல்யாண வீடியோ ஒன்னு இருக்குன்னு கேள்விப்பட்டு பாக்கப் போனேன். அவரு ஆசான் தோளுல துண்டோட மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு முன்னாடி ஆடுறாரு. படம் ஒரே புள்ளி புள்ளியா இருக்கு, ஆனா ஒரு எடத்துல கம்ப தோளுல நிறுத்துறாரு, அங்க நிறுத்திப் பாத்தேன். சுண்டுவிரல் தூக்கி இருக்கு. பெரியவர்கிட்ட காட்டுனேன். ரொம்ப நேரம் பாத்துட்டு, "அது அவரு ஸ்டைலும்மா"ன்னாரு. உங்க ஆசான் எந்தத் தோட்டத்துக்காரருன்னு கேட்டேன், தெரியாதுன்னுட்டாரு. யாரு யாருகிட்ட கத்துக்கிட்டாங்க, ரெண்டு பேரும் ஒரே ஆளுகிட்டயான்னு இன்னும் முடிவாகல. ஆனா போன மாசப் போட்டியில தம்பிய பாத்ததும் அவரு தான் முதல்ல வந்து கை குடுத்தாராம்.

பட்டர்வொர்த் மாமாவுக்கு கண்ணு ஆபரேஷன் வருது, அதுக்கு முன்னாடி அவருக்குத் தெரிஞ்ச காலடி மொத்தத்தையும் எடுத்து முடிக்கணும்னு வார வாரம் போயிட்டு இருக்கோம், இப்ப தம்பியும் கூட வர்றான். இதப் படிக்கிறவங்க யாராவது நிபோங் திபால் சுத்துவட்டாரத் தோட்டத்துல இருந்து வந்த குடும்பமா இருந்தா, வீட்டுப் பாட்டிங்ககிட்ட ஒரு வார்த்த கேட்டுப் பாருங்க: ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்குப் போயி திரும்பாத ஒருத்தரு, பால்மரம் வெட்டுனவரு, கம்பு சொல்லிக் குடுத்தவரு, இடது கையில சுண்டுவிரல் கிடையாது, கத்திரிக்காய் தொட மாட்டாரு. பேரு என்னன்னு தெரிஞ்சா சொல்லுங்க, வர்ற ஆடி அமாவாசைக்கு பேரு சொல்லி இலை போடணும்.